எண்ணிக்கை இருந்தது, கையெழுத்து விழவில்லை

இலங்கையின் வன்னியில் செத்துக்கொண்டிருந்தவர்களை ஐ.நா. அலுவலகம் கணக்கெடுத்துக்கொண்டுதான் இருந்தது. அந்தக் கணக்கு உலகத்தின் முன் ஏன் வைக்கப்படவில்லை? சர்வதேச அதிகாரிகளின் அன்றாட வழக்கங்களுக்குள் ஒரு பயணம்.

2009 மார்ச் மாதத் தொடக்கம். கொழும்பு ஐ.நா. அலுவலகத்தில் ஒரு சிறு குழு வன்னியின் சாவுகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டுக்கொண்டிருந்தது. போர்ப் பகுதிக்குள் சிக்கியிருந்த உள்ளூர்ப் பணியாளர்கள், தற்காலிக மருத்துவமனைகளை நடத்திக்கொண்டிருந்த அரசு மருத்துவர்கள், மக்களோடு தங்கிவிட்ட பாதிரியார்கள் ஆகியோரிடமிருந்து தகவல்கள் வந்தன. ஒருவர் சொன்னார் என்பதற்காக எந்தச் சாவும் பட்டியலில் ஏறவில்லை. வேறு வழிகளிலும் உறுதியான பிறகே சேர்த்துக்கொண்டார்கள். அப்படிச் சேர்த்ததில் ஜனவரி 20 முதல் மார்ச் 7 வரை குறைந்தபட்சம் 2,683 பொதுமக்கள் கொல்லப்பட்டிருந்தார்கள்; 7,241 பேர் காயமடைந்திருந்தார்கள். உண்மையான தொகை இதைவிட அதிகம் என்பது எண்ணியவர்களுக்கே தெரியும்.

இந்தக் கணக்கு கொழும்பிலிருந்த வெளிநாட்டுத் தூதர்களுக்குக் காட்டப்பட்டது. நியூயார்க் தலைமையகத்திற்கும் போனது. ஆனால், ஐ.நா.வின் பெயரில் அது வெளியிடப்படவில்லை. பத்திரிகைகளுக்குக் கசிந்தபோது, முழுமையாகச் சரிபார்க்க முடியாத எண்கள் என்று சொல்லித் தலைமையகம் ஒதுங்கிக்கொண்டது. மே 13 வரையிலான கணக்கில் கொல்லப்பட்டோர் தொகை 7,721 ஆக உயர்ந்தது. அதற்கு மேல் எண்ணுவதற்கு வழி இல்லாமல் போனது.

மூன்றரை ஆண்டுகளுக்குப் பிறகு, 2012 நவம்பரில், ஐ.நா.வே நியமித்த உள்ளக ஆய்வுக் குழு தன் அறிக்கையை வெளியிட்டது. குழுவின் தலைவர் சார்ல்ஸ் பெட்ரி. கொழும்புக் குழு கணக்கெடுத்த முறை நம்பகமானது என்றும், அதை வெளியிடாதது தவறு என்றும் அந்த அறிக்கை கூறியது. இலங்கையில் ஐ.நா. கடுமையாகத் தோற்றது என்பதே அதன் முடிவு.

வல்லரசுகள் தடுத்தன, இந்தியா கைவிட்டது, சீனா காப்பாற்றியது என்று இந்தத் தோல்வியைப் பற்றி நாம் பேசிப் பழகியிருக்கிறோம். அவை உண்மைதான். ஆனால், பெட்ரி அறிக்கை நம்மை வேறொரு இடத்திற்கும் அழைத்துப்போகிறது. மேசைகளுக்குப் பின்னால் அமர்ந்திருந்த சர்வதேச அதிகாரிகள், எந்த வல்லரசும் வாயைத் திறப்பதற்கு முன்பே, எதைச் சொல்லலாம் எதைச் சொல்லக் கூடாது என்று தாமாகவே முடிவு செய்திருந்தார்கள். அந்த முடிவுகள் எப்படி உருவாகின்றன என்பதைத் தெரிந்துகொள்ளாமல், ஜெனீவாவையும் நியூயார்க்கையும் நோக்கி நாம் எழுப்பும் குரலுக்குப் பலன் கிடைக்காது.

எந்த நாட்டுக்கும் கட்டுப்படாத ஊழியர்

எந்த நாட்டு அரசுக்கும் கட்டுப்படாத ஊழியர் படை என்ற எண்ணம் மிகப் புதியது. முதல் உலகப்போருக்குப் பிறகு 1919இல் சர்வதேச சங்கத்தின் முதல் பொதுச்செயலாளரான பிரிட்டிஷ் அதிகாரி எரிக் டிரம்மண்ட் அதற்கு வடிவம் கொடுத்தார். ஒவ்வொரு நாடும் தன் அதிகாரிகளை அனுப்பிவைக்கும் கூட்டாக அது இருக்கக் கூடாது. செயலகத்தில் சேர்பவர் சங்கத்துக்கு மட்டுமே விசுவாசமாக இருக்க வேண்டும் என்றார் அவர்.

1945இல் எழுதப்பட்ட ஐ.நா. சாசனம் இதைச் சட்டமாகவே ஆக்கியது. அதன் 100ஆவது உறுப்புரைப்படி, பொதுச்செயலாளரும் பணியாளர்களும் எந்த அரசிடமிருந்தும் உத்தரவு கேட்கவோ பெறவோ கூடாது. அவர்களை வளைக்க எந்த அரசும் முயலக் கூடாது. 99ஆவது உறுப்புரை இன்னும் ஒரு படி மேலே போய், உலக அமைதிக்கு ஆபத்து என்று தான் கருதும் எதையும் பாதுகாப்புச் சபையின் கவனத்துக்குக் கொண்டுவரும் உரிமையைப் பொதுச்செயலாளருக்குக் கொடுத்தது.

சட்டம் எழுதிய மை உலர்வதற்குள் சோதனை வந்தது. 1950களின் தொடக்கத்தில், கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த அமெரிக்காவில், ஐ.நா.வில் பணியாற்றிய அமெரிக்கர்கள் விசாரணைக் குழுக்கள் முன் நிறுத்தப்பட்டார்கள். பதில் சொல்ல மறுத்த பலரை அன்றைய பொதுச்செயலாளர் டிரிக்வே லீ வேலையிலிருந்து நீக்கினார். ஐ.நா. கட்டடத்துக்குள்ளேயே அமெரிக்கப் புலனாய்வுத் துறைக்கு இடம் கொடுக்கப்பட்டது. இந்த நெருக்கடிக்கு நடுவே, செயலகத்தின் தலைமைச் சட்ட ஆலோசகர் ஏப்ரகாம் ஃபெல்லர் 1952 நவம்பரில் தற்கொலை செய்துகொண்டார். அடுத்த ஆண்டு பதவிக்கு வந்த டாக் ஹாமர்ஷோல்ட் அந்தப் புலனாய்வாளர்களைக் கட்டடத்தைவிட்டு வெளியேற்றினார்.

அதே ஹாமர்ஷோல்ட் 1961 மே மாதம் ஆக்ஸ்ஃபோர்டில் நிகழ்த்திய உரை இந்தத் தொழிலின் அறநூல் என்று சொல்லத்தக்கது. நடுநிலையான நாடுகள் இருக்கலாம், நடுநிலையான மனிதர்கள் கிடையாது என்று சோவியத் தலைவர் குருஷ்சேவ் சொன்னதற்கு அவர் அளித்த பதில் அது. நடுநிலை என்பது கருத்தற்று இருப்பதன்று. சாசனத்துக்கு உண்மையாக இருப்பது. அந்த நேர்மை ஒருவரை யாரோடாவது மோத வைத்தால், அந்த மோதலையும் அவர் ஏற்கத்தான் வேண்டும் என்பது அவர் வாதம். நான்கு மாதங்களுக்குள், செப்டம்பர் 18 அன்று, காங்கோ நெருக்கடியைத் தீர்க்கப் புறப்பட்ட பயணத்தில் ந்டோலா அருகே விமான விபத்தில் இறந்துபோனார்.

மேசைக்கு மேசை மெலியும் வாக்கியம்

ஹாமர்ஷோல்ட் சொன்ன அறத்துக்கும் அலுவலக நடைமுறைக்கும் இடையே பெரிய இடைவெளி விழுந்தது. அதன் காரணங்களைப் பெரும்பாலும் பணி விதிகளிலேயே தேடலாம்.

ஐ.நா. பணியாளர்களில் பெரும்பாலோர் ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தங்களில் இருப்பவர்கள். ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டும். அடுத்த பதவிக்கு விண்ணப்பிக்க வேண்டும். குடும்பத்தின் விசா, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அந்த ஒப்பந்தத்தோடு கட்டப்பட்டவை. உயர்பதவிகளிலோ நாடுகளின் கை நேரடியாகவே தெரிகிறது. அமைதிகாப்புத் துறையின் தலைமை 1997 முதல் பிரெஞ்சுக்காரர்களிடம் இருக்கிறது. அரசியல் துறை 2007 முதல் அமெரிக்கர்களிடம், மனிதாபிமான விவகாரங்கள் பிரிட்டிஷாரிடம், பொருளாதார சமூகத் துறை சீனர்களிடம். திறமையும் நேர்மையுமே முதல் தகுதி என்று சாசனத்தின் 101ஆவது உறுப்புரை சொன்னாலும், உச்சியில் இருப்பவரை அமர்த்தும்போது தலைநகரங்களின் விருப்பம் பார்க்கப்படுகிறது. கீழே இருப்பவர்கள் இதைப் பார்த்துத்தான் பாடம் கற்கிறார்கள்.

ஒரு நாட்டில் ஐ.நா.வின் முகமாக இருப்பவர் வதிவிட ஒருங்கிணைப்பாளர். பாலம் கட்டுவது, பள்ளிக்கூடம் திறப்பது போன்ற வளர்ச்சிப் பணிகளுக்காக அந்நாட்டு அரசோடு கைகோத்து நடக்க வேண்டியவர் அவர். போர் மூண்டால் பெரும்பாலும் அவரே மனிதாபிமானப் பணிகளுக்கும் தலைவராகிறார். அரசே குண்டு போடும்போது அதைக் கண்டிக்க வேண்டியவரும் அவரே. காலையில் அமைச்சரிடம் திட்டத்துக்குக் கையெழுத்து வாங்கிவிட்டு, மாலையில் அதே அமைச்சரின் அரசைக் குற்றம்சாட்ட வேண்டும். இந்த மூன்று பொறுப்புகளும் ஒருவர் தலையில் விழும்போது, எது முதலில் கைவிடப்படும் என்று ஊகிப்பது கடினமன்று.

இத்தோடு ஒப்புதல் வரிசை. ஓர் உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம்: களத்தில் இருக்கும் அதிகாரி, "அரசுப் படைகளின் எறிகணைகள் மருத்துவமனை மீது விழுந்தன" என்று எழுதுகிறார். அந்த வரி நாட்டு அலுவலகம், மண்டலப் பிரிவு, அரசியல் துறை, சட்டத் துறை, ஊடகப் பிரிவு, பொதுச்செயலாளர் அலுவலகம் என்று மேசைக்கு மேசை போகிறது. ஒருவர் "அரசுப் படைகளின்" என்பதை எடுக்கிறார். அடுத்தவர் "விழுந்தன" என்பதை "விழுந்ததாகக் கூறப்படுகிறது" ஆக்குகிறார். இன்னொருவர் மருத்துவமனையைப் "பொதுமக்கள் உள்கட்டமைப்பு" ஆக்குகிறார். கடைசியில், மோதலில் சிக்கிய பொதுமக்கள் குறித்து ஐ.நா. ஆழ்ந்த கவலை கொள்கிறது என்ற வாக்கியம் வெளிவருகிறது. யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் ஒரு சொல்லைத்தான் மாற்றினார்கள். கொன்றவர் மட்டும் வாக்கியத்திலிருந்து காணாமல் போய்விட்டார்.

வன்னியில் நடந்தது

2008 செப்டம்பரில் பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர முடியாது என்று கூறி, வன்னியிலிருந்து வெளியேறுமாறு ஐ.நா. அமைப்புகளையும் தொண்டு நிறுவனங்களையும் இலங்கை அரசு கேட்டுக்கொண்டது. கிளிநொச்சி ஐ.நா. வளாக வாசலில் மக்கள் திரண்டு, போகாதீர்கள் என்று மன்றாடினார்கள். சர்வதேசப் பணியாளர்கள் அந்த மாத நடுவிலேயே வெளியேறினார்கள். சாட்சிகள் போய்விட்டால் தங்களுக்கு என்ன நடக்கும் என்பதை அந்த மக்கள் சரியாகவே உணர்ந்திருந்தார்கள். வெளியேறும் முடிவை எதிர்த்து ஐ.நா. அழுத்தமாக வாதாடவில்லை என்று பின்னாளில் பெட்ரி குழு குறை கூறியது. உள்ளூர்ப் பணியாளர்கள் பலரும் அவர்கள் குடும்பத்தாரும் வெளியே வர முடியாமல் உள்ளேயே சிக்கினார்கள். விடுதலைப் புலிகள் அவர்களை விடவில்லை.

2009 ஜனவரியில் உணவு லாரிகளோடு உள்ளே சென்ற ஐ.நா. வாகனத் தொடர் சண்டை காரணமாகத் திரும்ப முடியவில்லை. அதிலிருந்த சில பணியாளர்கள், அரசு அறிவித்த முதல் பாதுகாப்பு வலயத்துக்குள் சுதந்திரபுரத்தில் தங்கினார்கள். தாங்கள் இருக்கும் இடத்தை வரைபட ஆயத்தொலைவுகளோடு இராணுவத்துக்குத் தெரிவித்திருந்தார்கள். ஜனவரி 23, 24 தேதிகளில் அந்த இடத்தைச் சுற்றி எறிகணைகள் விழுந்தன. பதுங்குகுழியிலிருந்து வெளியே வந்து பார்த்தபோது சுற்றிலும் பொதுமக்களின் சடலங்கள். அவை இராணுவத்தின் பக்கமிருந்து வந்தவை என்பது அங்கிருந்த அனுபவமிக்க பாதுகாப்பு அதிகாரிக்குத் தெரிந்தது. கொழும்புக்கும் தெரிவிக்கப்பட்டது. ஐ.நா.வின் சொந்தப் பணியாளர்களே கண்ணால் கண்ட சாட்சிகள். இதற்கு மேல் என்ன சரிபார்ப்பு வேண்டும்?

பொது அறிக்கைகளில் அந்தச் சாட்சியம் உரிய இடத்தைப் பெறவில்லை. மக்களைப் புலிகள் வெளியேற விடாமல் தடுத்தார்கள், தப்பி ஓடியவர்களைச் சுட்டார்கள், சிறுவர்களைப் பிடித்துச் சென்றார்கள். இவற்றை ஐ.நா. வெளிப்படையாகக் கண்டித்தது. கண்டித்தது சரி. ஆனால், பெருமளவு சாவுகளுக்குக் காரணம் அரசின் எறிகணைகள் என்று தன் உள்ளகக் குறிப்புகளில் எழுதிக்கொண்ட அதே ஐ.நா., வெளியே பேசும்போது அந்தப் பகுதியை ஏறக்குறைய முழுதாகவே விட்டுவிட்டது என்று பெட்ரி குழு பதிவு செய்தது. பாதி உண்மை மட்டும் வெளியே வந்தால், அது மற்றப் பாதிக்குத் திரையாகிவிடுகிறது.

மக்கள்தொகை விஷயத்திலும் இதே கதை. வன்னிக்குள் சுமார் 70,000 பேரே இருப்பதாக அரசு சொன்னது. அந்தக் கணக்கை வைத்தே உணவும் மருந்தும் அளக்கப்பட்டன. உள்ளே லட்சக்கணக்கானோர் இருப்பது ஐ.நா. அதிகாரிகளுக்குத் தெரியும். போர் முடிந்தபோது முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் மட்டும் சுமார் 2,90,000 பேர். அரசின் எண்ணை ஐ.நா. உரத்த குரலில் மறுத்திருந்தால், ஒரு வேளைக் கஞ்சிக்கு வரிசையில் நின்ற குழந்தைகளின் தட்டில் அது தெரிந்திருக்கும்.

மௌனத்துக்குச் சொன்ன நியாயங்கள்

அதிகாரிகள் தங்கள் மௌனத்துக்குக் காரணம் வைத்திருந்தார்கள். பேசினால் அரசு கோபப்படும். கோபப்பட்டால் விசா கிடைக்காது, உணவு லாரி போகாது. ஆகவே, பேசாமல் இருந்தால் உள்ளே போகும் அனுமதியாவது மிஞ்சும். ஒன்றை விட்டுக்கொடுத்து ஒன்றை வாங்கும் இந்தப் பழக்கமே ஐ.நா.வின் எல்லா முடிவுகளையும் ஆட்டிப்படைத்தது என்பது பெட்ரி அறிக்கையின் மையமான கண்டுபிடிப்பு.

அந்த அச்சத்தை வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. தொண்டுப் பணியாளர்களுக்கு மிக ஆபத்தான நாடுகளில் இலங்கையும் ஒன்று என்று 2007 ஆகஸ்டில் சொன்ன ஐ.நா. மனிதாபிமானத் தலைவர் ஜான் ஹோம்ஸை இலங்கை அமைச்சர் ஒருவர் பயங்கரவாதி என்று ஏசினார். அதற்கு ஓராண்டு முன்பு மூதூரில் ஒரு பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் 17 உள்ளூர்ப் பணியாளர்கள் கொல்லப்பட்டிருந்தார்கள். போர் முடிந்த பின்னும், 2009 செப்டம்பரில், யுனிசெஃப் செய்தித் தொடர்பாளர் ஜேம்ஸ் எல்டர் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்.

ஆனால், இந்தப் பேரத்தின் வரவு செலவைப் பாருங்கள். மௌனத்தைக் கொடுத்தார்கள். பதிலுக்கு உள்ளே போகும் அனுமதி கிடைத்ததா? இல்லை. 2009 ஜனவரிக்குப் பிறகு ஐ.நா. உணவு லாரிகள் வன்னிக்குள் போகவே இல்லை. கடல் வழியாகச் செஞ்சிலுவைச் சங்கம் கொண்டுபோன கொஞ்சம்தான் மக்களைச் சேர்ந்தது. விட்டுக்கொடுத்தது மட்டுமே நடந்தது. வாங்கியது எதுவும் இல்லை. அப்படியும் மாதக்கணக்கில் அதே பேரத்தைத் தொடர்ந்தார்கள் என்றால், அனுமதி என்பது காரணமாக இருப்பது நின்று, சமாதானமாக ஆகிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

விதிவிலக்கும் உண்டு. தென்னாப்பிரிக்கத் தமிழ் வம்சாவளியினரான மனித உரிமைகள் ஆணையர் நவி பிள்ளை, மார்ச் 13 அன்று வெளியிட்ட அறிக்கையில், ஜனவரி 20க்குப் பிறகு 2,800க்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டிருக்கலாம் என்று எண்களோடு சொன்னார். போர்க்குற்றங்களாக இருக்கலாம் என்றும் எச்சரித்தார். அந்த அறிக்கை வெளிவரும் முன்பு, அதன் குரலைக் குறைக்குமாறு ஐ.நா.வின் மூத்த அதிகாரிகளே அவரைக் கேட்டுக்கொண்டார்கள் என்பது பெட்ரி குழுவால் தெரியவந்தது. அவர் எண்களை விட்டுக்கொடுக்கவில்லை. அப்படிப் பேசியதற்காக அவர் பதவியும் பறிபோகவில்லை.

நியூயார்க்கில் பாதுகாப்புச் சபையின் நிகழ்ச்சிநிரலில் இலங்கை கடைசிவரை ஏறவில்லை. உறுப்பு நாடுகள் முறைசாராமல், அலுவல்பூர்வப் பதிவேதும் இல்லாமல், கட்டடத்தின் கீழ்த்தளத்து அறையில் கூடிப் பேசின. அங்கே விளக்கம் அளித்த அதிகாரிகள், நாடுகள் எதைத் தெரிந்துகொள்ள வேண்டுமோ அதைவிட, அவை எதைக் கேட்க விரும்பும் என்று தாங்கள் நினைத்தார்களோ அதற்கேற்பவே பேசினார்கள் என்கிறது பெட்ரி அறிக்கை. போர் முடிந்து பத்தே நாளில், மே 27 அன்று, மனித உரிமைகள் பேரவை இலங்கை அரசைப் பாராட்டும் தீர்மானத்தை 29 வாக்குகளோடு நிறைவேற்றியது. இந்தியாவும் ஆதரித்தது. எண்கள் முன்கூட்டியே பொதுவெளிக்கு வந்திருந்தால், அவ்வளவு நாடுகள் அவ்வளவு எளிதாகக் கை தூக்கியிருக்க முடியுமா?

ருவாண்டா எழுதிவைத்த பாடம்

இதெல்லாம் முதல்முறையாக நடந்ததன்று. 1994 ஜனவரி 11 அன்று, ருவாண்டாவிலிருந்த ஐ.நா. படைத் தளபதி ரோமியோ டல்லேர் நியூயார்க்குக்கு ஒரு தந்தி அனுப்பினார். துட்ஸி மக்களைக் கொல்ல ஆயுதங்கள் பதுக்கப்பட்டுள்ளன. அவற்றைக் கைப்பற்றப் போகிறேன் என்றார். அமைதிகாப்புத் துறை மறுத்துவிட்டது. அது உங்கள் அதிகார வரம்புக்குள் வராது. ருவாண்டா அதிபரிடமும் மூன்று நாட்டுத் தூதர்களிடமும் சொல்லுங்கள் என்று பதில் வந்தது. ஏப்ரலில் தொடங்கிய படுகொலையில் சுமார் 100 நாட்களில் ஏறத்தாழ 8,00,000 பேர் கொல்லப்பட்டார்கள். கொலைகள் உச்சத்தில் இருந்த ஏப்ரல் 21 அன்று, ஐ.நா. படையை 270 பேராகக் குறைக்கப் பாதுகாப்புச் சபை தீர்மானித்தது. கொலை செய்த ஆட்சியின் பிரதிநிதி அப்போது அந்தச் சபையிலேயே உறுப்பினராக உட்கார்ந்திருந்தார்.

அந்த நாட்களில் ஐ.நா.வுக்கான அமெரிக்கத் தூதரகத்தில் பணியாற்றிய அறிஞர் மைக்கேல் பார்னெட், பின்னர் இதை ஆராய்ந்து எழுதினார். அந்த அதிகாரிகள் கல்நெஞ்சர்கள் என்று அவர் முடிவு செய்யவில்லை. முந்தைய ஆண்டு சோமாலியாவில் பட்ட அடிக்குப் பிறகு, இன்னொரு தோல்வி வந்தால் ஐ.நா. என்ற அமைப்பே நொறுங்கிவிடும் என்று அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள். அமைப்பைக் காப்பாற்றுவதே அறம் என்று ஆனபோது, யாருக்காக அந்த அமைப்பு இருக்கிறதோ அவர்கள் கணக்கிலிருந்து விழுந்துவிட்டார்கள்.

ருவாண்டா குறித்த விசாரணை அறிக்கை 1999இல் வந்தது. போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் நடந்த படுகொலை குறித்த அறிக்கையும் அதே ஆண்டில்தான். செயலகம் பாதுகாப்புச் சபைக்குக் கேட்க இனிமையானதை விட்டுவிட்டுத் தெரிய வேண்டியதைச் சொல்ல வேண்டும் என்று 2000இல், ஐ.நா. அமைதிப் பணிகளை ஆராய்ந்த பிராஹிமி குழு அறிவுறுத்தியது. ஒன்பதே ஆண்டுகளில், வன்னிப் போர் முடிந்த முள்ளிவாய்க்கால். பெட்ரி அறிக்கைக்குப் பிறகு 2013 இறுதியில், மனித உரிமைக்கே முதலிடம் என்ற புதிய செயல்திட்டத்தை அன்றைய பொதுச்செயலாளர் பான் கி மூன் அறிவித்தார். நான்கே ஆண்டுகளில் மியான்மார். 2017 ஆகஸ்டுக்குப் பிறகு 7,00,000க்கும் மேற்பட்ட ரோஹிங்யாக்கள் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். அங்கும் ஐ.நா. அதிகாரிகள் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள்: அரசோடு சத்தமில்லாமல் பேச வேண்டும் என்றவர்கள் ஒரு பக்கம், வெளிப்படையாகக் கண்டிக்க வேண்டும் என்றவர்கள் மறுபக்கம். முன்னாள் குவாத்தமாலா வெளியுறவு அமைச்சர் ஹெர்ட் ரோசென்தால் 2019இல் அளித்த அறிக்கை, அமைப்பு முழுவதற்குமான தோல்வி என்று அதை விவரித்தது. இலங்கை அறிக்கையின் பக்கங்களைத் திரும்பப் படிப்பது போன்ற உணர்வைத் தவிர்க்க முடியவில்லை.

பேசியவர்களுக்கு என்ன ஆனது?

ஏன் பாடம் ஏறவில்லை? பேசியவர் யார், பேசாதவர் யார், அவரவருக்குப் பிறகு என்ன நடந்தது என்று பார்த்தால் விளங்கும்.

மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் பிரெஞ்சுப் படையினர் குழந்தைகளைப் பாலியல் வன்கொடுமை செய்தது பற்றிய உள்ளக அறிக்கையை, 2014 ஜூலையில் பிரெஞ்சு அதிகாரிகளிடம் கொடுத்தார் ஐ.நா. மனித உரிமை அதிகாரி ஆண்டர்ஸ் கொம்பாஸ். குற்றத்தை நிறுத்துவதே அவர் நோக்கம். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அவரைப் பணியிலிருந்து ஒதுக்கிவைத்து விசாரித்தார்கள். அது தவறு என்று ஐ.நா.வின் சொந்தத் தீர்ப்பாயம் இடைநிறுத்தத்தை நீக்கியது. 2016 ஜனவரியில் குற்றமற்றவர் என்று அறிவிக்கப்பட்டார். அதே ஆண்டு வேலையை விட்டு விலகினார். ரகசியக் காப்பு விதியை மீறினாரா என்று தேடிய வேகம், அந்தக் குழந்தைகளைத் தேடிப் போவதில் இருக்கவில்லை.

இராக்கில் மனிதாபிமான ஒருங்கிணைப்பாளராக இருந்த டெனிஸ் ஹாலிடே, பொருளாதாரத் தடைகள் குழந்தைகளைக் கொல்கின்றன என்று கூறி 1998இல் விலகினார். அவருக்குப் பின் வந்த ஹான்ஸ் ஃபான் ஸ்போனெக்கும் 2000இல் அதே காரணத்துக்காக விலகினார். பெட்ரியும் அப்படிப்பட்டவரே. 2007இல் மியான்மாரில் ஐ.நா. ஒருங்கிணைப்பாளராக இருந்தபோது, மக்களின் வறுமையைப் பற்றி வெளிப்படையாகப் பேசியதற்காக இராணுவ அரசு அவரை வெளியேற்றியது. பேசத் தெரிந்த ஒருவர் தலைமை தாங்கியதால்தான் இலங்கை அறிக்கைக்கு அந்த நேர்மை வாய்த்தது.

மறுபக்கம், மௌனத்துக்கு விலை ஏதும் இல்லை. பெட்ரி அறிக்கையும் ரோசென்தால் அறிக்கையும் தோல்வியை அமைப்பின் தலையில் வைத்தன, தனிநபர்களைப் பொறுப்பாக்கவில்லை. அமைப்புதான் காரணம் என்பது ஆய்வுக்குச் சரியான முடிவாக இருக்கலாம். நடைமுறையில் அது எல்லோரையும் விடுவிக்கும் சீட்டாகிவிடுகிறது. பேசினால் தண்டனை, பேசாவிட்டால் ஒன்றுமில்லை என்ற நிலையில், மனிதர்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பதில் வியப்பில்லை.

அதே அமைப்பில் இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டவர்கள் கடைநிலை உள்ளூர்ப் பணியாளர்கள். எறிகணை வீச்சுக்கு நடுவே இருந்து எண்களை அனுப்பியவர்கள் அவர்கள். அவர்களுக்கு ராஜதந்திரப் பாதுகாப்பு இல்லை. ஏறிப் போக விமானம் இல்லை. போர் முடிந்த பிறகு அவர்களில் சிலரைக் காவல்துறை பிடித்து வைத்தது. ஹாமர்ஷோல்ட் சொன்ன நேர்மையை அந்த உரையைப் படிக்காமலே கடைப்பிடித்தவர்கள் அவர்கள்.

என்ன கேட்க வேண்டும்?

ஐ.நா. அதிகாரிகளைக் குறைசொல்வது எளிது, வல்லரசுகள் ஒத்துக்கொள்ளாமல் அவர்களால் என்ன செய்ய முடியும் என்ற கேள்வி வரும். நியாயமான கேள்வி. போரை நிறுத்தும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. ஆனால், தெரிந்ததைச் சொல்லும் அதிகாரம் இருந்தது. அதற்குப் பாதுகாப்புச் சபையின் வாக்கெடுப்பு தேவையில்லை. யாரும் வீட்டோ போட முடியாது. நாடுகளின் பொறுப்பை நாடுகளிடம் கேட்போம். அதிகாரிகளின் பொறுப்பை அதிகாரிகளிடம் கேட்டே ஆக வேண்டும்.

சில சீர்திருத்தங்கள் நடந்திருக்கின்றன. 2019 ஜனவரி முதல் வதிவிட ஒருங்கிணைப்பாளர்கள் வளர்ச்சித் திட்ட அமைப்பின் பிடியிலிருந்து விலக்கப்பட்டு, நேரடியாகப் பொதுச்செயலாளருக்குக் கீழே கொண்டுவரப்பட்டார்கள். இலங்கை தொடர்பான சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாக்க, 2021 மார்ச்சில் மனித உரிமைகள் பேரவை தீர்மானம் நிறைவேற்றியது. இவை நல்லவை, போதாதவை. இப்போது ஐ.நா.வை நெருக்கும் நிதித் தட்டுப்பாட்டில் பதவிகள் வெட்டப்படும் காலத்தில், வேலை போய்விடும் என்ற பயம் இன்னும் பல வாய்களை மூடும்.

அதனால், பொதுவான கண்டனங்களை விட்டுக் குறிப்பாகக் கேட்கும் காலம் வந்திருக்கிறது. முதலாவது, ஐ.நா. தன் அலுவலர்கள் திரட்டும் பொதுமக்கள் சாவு எண்ணிக்கையை, எந்த அளவுக்கு உறுதியானது என்ற குறிப்போடு, குறித்த கால இடைவெளியில் வெளியிட்டே ஆக வேண்டும். வெளியிடாமல் தடுப்பவர் தன் பெயரோடும் காரணத்தோடும் எழுத்தில் பதிய வேண்டும். இரண்டாவது, அரசோடு திட்டங்களுக்குக் கையெழுத்திடும் அதிகாரியும், அந்த அரசின் மீறல்களைப் பற்றிப் பேச வேண்டிய அதிகாரியும் ஒருவராக இருக்கக் கூடாது. மூன்றாவது, உள்ளூர்ப் பணியாளர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும், சர்வதேசப் பணியாளர்களுக்குக் கிடைக்கும் அதே வெளியேற்ற உரிமையும் பாதுகாப்பும் வேண்டும்.

2009இல் இந்த மூன்றும் நடைமுறையில் இருந்திருந்தால் போர் நின்றிருக்கும் என்று சொல்ல மாட்டேன். சாவுகள் நடந்துகொண்டிருக்கும்போதே உலகம் அதை ஐ.நா.வின் முத்திரையோடு அறிந்திருக்கும். தெரியாது என்று பிறகு சொல்ல எந்த நாட்டுக்கும் வாய்ப்பு இருந்திருக்காது. பல்லாயிரம் உயிர்களுக்கு அந்த வேறுபாடு சிறியதன்று. 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று 2011இல் ஐ.நா. நிபுணர் குழுவும், 70,000க்கும் மேற்பட்டோர் கணக்கில் வரவில்லை என்று பெட்ரி குழுவும் சொன்னதை நாம் இன்றும் சுமக்கிறோம்.

ஒவ்வோர் ஆண்டும் ஜெனீவாக் கூட்டத்தொடருக்கு மனு எழுதும் தமிழ் அமைப்புகள் இலங்கை அரசிடம் நீதி கேட்கின்றன, தொடர்ந்து கேட்கட்டும். அதே மனுவில் ஐ.நா. செயலகத்திடமும் இந்த மூன்றையும் கேளுங்கள். உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரை, நீங்கள் வாழும் நாட்டின் அரசை, இந்தக் கோரிக்கையை எழுப்பச் சொல்லுங்கள். நம் பிள்ளைகளில் யாராவது ஐ.நா. பணிக்குப் போனால், 100ஆவது உறுப்புரையை வெறும் தேர்வுக் கேள்வியாகப் படிக்க வேண்டாம், வாழ்க்கை விதியாக எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இனி எந்த மக்களின் சாவும் எந்த அலுவலகத்தின் கோப்பிலும் ஒப்புதலுக்காகக் காத்திருக்கக் கூடாது.